சுங்கை சிப்புட் டியூஷன் சென்டரில் கம்பெனி சட்ட வகுப்பு: போகலாமா?

கட்டணம் 80 வெள்ளி. தாராளமாகத் தகும். கம்பெனி சட்டம் என்றதும் எஸ்எஸ்எம் (மலேசியக் கம்பெனிகள் ஆணையம்) பாரம் நிரப்பச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் பலர் வந்திருந்தார்கள், சின்ன செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) வைத்திருக்கும் லோரிக்காரர்கள், கேட்டரிங் செய்பவர்கள், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் என்று. பாரமும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இந்த ஞாயிறு வகுப்பின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனி யாருக்காக நடக்கிறது, பங்கு போட்டவருக்கு மட்டுமா, அதை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கும் சேர்த்தா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரத்தை நடத்துகிறார் ஆசிரியர். வேலை ஓய்வு பெற்ற கம்பெனி செயலாளர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அது அவர் பேச்சிலேயே தெரிகிறது.

1883-இல் இங்கிலாந்தில் நடந்த வெஸ்ட் கார்க் ரயில்வே வழக்கில்தான் ஆரம்பிக்கிறார். கம்பெனி கைமாறிவிட்டது, வேலை போகும் அதிகாரிகளுக்கும் பழைய இயக்குநர்களுக்கும் கொஞ்சம் பணம் கொடுக்கலாம் என்று பொதுக்கூட்டமே முடிவு செய்கிறது, ஹட்டன் என்ற பங்குதாரர் கோர்ட்டுக்குப் போய் அதை நிறுத்திவிடுகிறார். நடந்துகொண்டிருக்கும் கம்பெனி தன் ஆட்களிடம் தாராளமாக இருக்கலாம், ஏனென்றால் அதனால் கம்பெனிக்கும் நன்மை உண்டு. மூடப்போகும் கம்பெனிக்கு அப்படி என்ன நன்மை என்பதுதான் நீதிபதிகளின் வாதம்.

இதன் தொடர்ச்சியாக அவர் சொன்ன வழக்குதான் வகுப்பையே கட்டிப்போட்டது. 1960-இல் லண்டனில் நியூஸ் கிரானிக்கிள் என்ற பத்திரிகையை விற்கிறார்கள். அந்தக் கம்பெனி சாக்லேட் செய்யும் கேட்பரி குடும்பத்தின் பிடியில் இருந்தது. விற்ற பணத்தில் கடனெல்லாம் போக மிச்சத்தை வேலை இழந்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று அவர்களே முன்வருகிறார்கள். பார்க் என்ற ஒரு சிறு பங்குதாரர் வழக்குப் போடுகிறார், 1962-இல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் அது பங்குதாரர்களின் பணம், கொடுக்கக் கூடாது என்று.

எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், பேரனோடு வந்திருந்தார். கையை உயர்த்தாமலேயே கேட்டார்: "அப்போ மொதலாளியே குடுக்கணும்னு நெனச்சாலும் குடுக்க முடியாதா சார்?" ஆசிரியர் வெண்பலகையை விட்டுத் திரும்பி, "முடியாது பெரியம்மா, அன்னிக்குச் சட்டம் அப்படித்தான்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தோட்டம் கைமாறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் நிறைந்த அறை அது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ.

அந்தச் சட்டத்தை இங்கிலாந்து மாற்றியது 1980-இல்தான். தொழிலை நிறுத்தும்போதோ கைமாற்றும்போதோ தொழிலாளர்களுக்குக் கொடுக்கலாம், இயக்குநர்கள் தொழிலாளர் நலனையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே 1980-இல் இங்கே பணிநீக்க, ஆட்குறைப்பு நன்மைகளுக்கான விதிமுறைகள் வந்தன: ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். கம்பெனி கைமாறும்போது புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வராவிட்டால் இது பொருந்தும். இது வேலைச் சட்டத்தின் கீழ் வந்தது, கம்பெனி சட்டத்தின் வழியாக இல்லை. முதலாளியின் மனசை நம்பாமல் உரிமையாகக் கிடைப்பது இந்த வழியில்தான் என்று ஆசிரியர் அழுத்திச் சொன்னார். எனக்கும் அதில் முழு உடன்பாடு.

அமெரிக்கப் பகுதியை வேகமாக ஓட்டிவிட்டார். பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் ஃபோர்டு கம்பெனி மேல் போட்டு 1919-இல் தீர்ப்பான வழக்கு, 1930-களின் தொடக்கத்தில் சட்டப் பேராசிரியர்கள் பெர்லும் டாடும் இதே கேள்வியை வைத்து ஹார்வர்டு சட்ட இதழில் போட்ட வாதம், கம்பெனியின் பொறுப்பு லாபம்தான் என்று 1970-இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதிய கட்டுரை, எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பரவாயில்லை, ஃபோர்டு வழக்கில் கோர்ட் லாபப் பங்கைக் கொடுக்கச் சொன்னதே தவிர புதிய ஆலை கட்டுவதைத் தடுக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொன்னார், அதைப் பலர் விட்டுவிடுவார்கள்.

இப்போது குறைகள். நம் நாட்டின் 2016 கம்பெனி சட்டத்துக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்க வேண்டும். 213-வது பிரிவு இயக்குநரைக் கம்பெனியின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு நடக்கச் சொல்கிறது. இங்கிலாந்தின் 2006 சட்டம் 172-வது பிரிவில் தொழிலாளர், சப்ளையர், ஊர் மக்கள், சுற்றுச்சூழல் என்று வரிசையாகச் சொல்வதுபோல நம் 213 சொல்லவில்லை. அந்த இங்கிலாந்துப் பட்டியலும் பங்குதாரர்களின் நன்மைக்கு அடியில்தான் வருகிறது, அதை வைத்துத் தொழிலாளி வழக்குப் போட முடியாது. இதையெல்லாம் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அவசரமாகச் சொன்னால் எப்படிப் பதியும்?

இன்னொன்று எனக்கு நிஜமாகவே வருத்தம். மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கி, அவர்கள் பணத்தில் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். பங்கு போட்டவர் யார், உழைப்பவர் யார் என்ற சண்டைக்கு இரண்டும் ஒரே ஆளாக இருக்கட்டும் என்று நம் ஆட்கள் கொடுத்த பதில் அது. கூட்டுறவில் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதும் கம்பெனியிலிருந்து எவ்வளவு பெரிய வித்தியாசம்! இதை ஒரு வரிகூடச் சொல்லாமல் லண்டனையும் அமெரிக்காவையும் சுற்றிவந்தது சரியில்லை. இடைவேளையில் சொன்னேன், அடுத்த முறை சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

குறிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில். பேச்சு நல்ல தமிழில் இருக்கும்போது பெரியம்மா போன்றவர்களுக்கு இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாவது தரலாம். தேத்தண்ணியும் கறிபாப்பும் உண்டு, மதியச் சாப்பாடு கிடையாது, வெளியேதான் சாப்பிட வேண்டும். கடைவரிசையின் மேல்மாடி, படிக்கட்டு செங்குத்து, முட்டிவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே உள்ள அறையில் வைக்கிறார்களாம்.

கம்பெனி வைத்திருப்பவர்களைவிட, கம்பெனியில் வேலை செய்கிறவர்களும் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்துவிட்டு ஆண்டுக்கூட்டத்துக்குப் போகாதவர்களும் போக வேண்டிய வகுப்பு. பாரம் நிரப்ப மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பிற்பகல் பகுதிக்கு 30 வெள்ளி கட்டிப் போகலாம், ஆனால் காலைப் பகுதியை விடாதீர்கள்.