தமிழ்த் தலைப்பே முகவரியாக: வேர்ட்பிரஸ் பெர்மாலிங்க்கை நெடுநாள் பயன்படுத்தினால் தெரிவது

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில், பதிவுகளின் நிலையான முகவரி எப்படி அமையும் என்பதை முடிவுசெய்யும் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய் ‘போஸ்ட் நேம்’ என்பதைத் தேர்ந்து சேமித்தால் போதும். கேள்விக்குறியும் எண்ணுமாக இருந்த முகவரி தமிழ்த் தலைப்பாக மாறிவிடும். ஆங்கிலத் தளத்துக்கு இத்தோடு வேலை முடிந்தது. தமிழ்த் தளத்தில் பதிவுகள் சேரச் சேரத்தான் சிக்கல் தலைகாட்டும்.

முதல் சிக்கல் நீளம். முகவரியில் தலைப்பிலிருந்து உருவாகும் பகுதிக்கு ஸ்லக் என்று பெயர். வேர்ட்பிரஸ் அதை டேட்டாபேஸில் தமிழாக வைப்பதில்லை. % குறியும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த சதவீதக் குறியீடாக மாற்றித்தான் வைக்கிறது. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 இடம் பிடிப்பதால் ஒரு குறிக்கு 9 இடம். மொத்தம் இருப்பதோ 200 இடம். ஆக 22 குறிகள்தான். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக்குறி வேறு. ‘தமிழ்’ கண்ணுக்கு 3 எழுத்து, கணக்கில் 5 குறி, 45 இடம்.

‘தமிழ்நாட்டுப் பறவைகள் சரணாலயம்: வேடந்தாங்கல்’ என்று தலைப்பிட்டால் ஸ்லக் ‘தமிழ்நாட்டுப்-பறவைகள்-சர’ என்று நின்றுவிடும். அடுத்து கூந்தன்குளம் பற்றி அதே பாணியில் எழுதினால், வேறுபடும் சொல் வெட்டுப்பட்ட பகுதியில் இருப்பதால் அதே ஸ்லக்தான் வரும். மோதலைத் தவிர்க்க இன்னொரு எழுத்தையும் தின்றுவிட்டு ‘-ச-2’ என்று முடியும். டேட்டாபேஸில் அந்தப் புலத்தை மட்டும் அகலப்படுத்திப் பயனில்லை. 200 என்ற வரம்பு நிரலுக்குள்ளேயும் எழுதப்பட்டிருக்கிறது. வெளியிடும் முன் ‘வேடந்தாங்கல்’ என்று ஒரே சொல்லைக் கையால் இடுவதுதான் வழி. வெளியிட்டபின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கை நினைவில் வைத்து 301 திருப்பம் தருகிறது, அதாவது பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்புகிறது. அந்த வகையில் நல்ல பிள்ளை.

இரண்டாவது, பகிர்வு. முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரிவதைக் குரோமில் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் ஊர்வலம்தான் வரும். நீளமான அந்த முகவரி மின்னஞ்சலில் வரி உடைந்து, பாதியோடு நின்றுபோவதும் உண்டு. அப்படிப் பாதி வந்தால் வேர்ட்பிரஸ், அந்தத் தொடக்கத்தில் அமையும் ஏதோ ஒரு ஸ்லக்கை ஊகித்து அங்கே அனுப்பும். ஒரே மாதிரி தொடங்கும் தலைப்புகள் நிறைந்த தளத்தில் வாசகர் வேறு கட்டுரையில் போய் இறங்குவார். ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழை வந்திருந்தாலாவது தவறு தெரிந்திருக்கும்.

இதற்கு மருந்து, அழகில்லை என்று ஒதுக்கிய அந்த எண்தான். ‘கஸ்டம் ஸ்ட்ரக்சர்’ பெட்டியில் முதலில் போஸ்ட் ஐடி எனும் பதிவு எண், அடுத்து போஸ்ட் நேம் என அமைத்தால், தலைப்புப் பகுதி சிதைந்து வந்தாலும் எண்ணைப் பிடித்துச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிடும். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்விகளின் முகவரியும் எண்ணை முன்னே, தலைப்பைப் பின்னே வைத்ததுதான். குறுஞ்செய்தியில் அனுப்ப, தளப்பெயருக்குப் பின் கேள்விக்குறி, ‘பி’, சமக்குறி, எண் என்ற பழைய வடிவமே போதும். அது தானாக நீள முகவரிக்குப் போய்ச் சேரும். இந்த அமைப்பைத் தளம் தொடங்கும் நாளிலேயே செய்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் மாற்றுவதானால், மேலே சொன்ன ஊகத்தை நம்பாமல் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் 301 எழுதுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறுகள் இரண்டு. ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம், திரையில் ஒன்றே, பைட்டில் வேறு. ‘ஸ்ரீ’க்கும் இதே கதை. ஸ்லக்கைக் கையால் இடும்போது இது புகுந்துவிட்டால், பின்னால் அதே சொல்லை முகவரியில் தட்டுகிறவருக்குப் பக்கம் கிடைக்காமல் போகலாம். மற்றது, வேர்ட்பிரஸ் சதவீதக் குறியீட்டில் வரும் ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் வைக்கிறது. பிரவுசர் தானே மாற்றும்போது பெரிய எழுத்தில் அனுப்புகிறது. சர்வர் பதிவேட்டில் ஒரே பக்கம் இரண்டாக எண்ணப்படுவது இதனால்தான்.

கடைசியாக, தளத்தை வழங்கும் சர்வர் மென்பொருள். அப்பாச்சியில் முகப்பு மட்டும் திறந்து உட்பக்கமெல்லாம் 404 என்றால், முகவரி விதிகள் உள்ள எச்டிஆக்ஸஸ் கோப்பைப் படிக்க அனுமதிக்கும் ‘அலவ் ஓவர்ரைடு’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளுக்கு மாறினால் அது அந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது. அதன் அமைப்புக் கோப்பில் ‘ட்ரை ஃபைல்ஸ்’ வரியில் இன்டெக்ஸ் பிஎச்பியோடு, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவதைக் கடத்தும் ஆர்க்ஸையும் சேர்த்து எழுத வேண்டும். ஆர்க்ஸ் விட்டுப்போனால் கட்டுரைகள் திறக்கும். உட்பக்கங்களில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் வடிகட்டல்கள் மட்டும் ஓசையில்லாமல் வேலை செய்யாமல் போகும்.