மொன்டெகிறிஸ்டோ, பத்ரோன், யாழ்ப்பாணச் சுருட்டு: வெள்ளவத்தை மொட்டைமாடியில் மூன்று ஞாயிறு

இரண்டு வெளிநாட்டுச் சிகார், ஒரு எங்கள் ஊர்ச் சுருட்டு. மூன்றையும் ஒரே நாளில் பிடித்தால் நாக்கு மரத்துப் போகும். அதனால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சீனி போடாத பிளேன்டீயோடு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. கடற்காற்று நேரே அடித்தால் சுருட்டு ஒரு பக்கமாகவே எரியும். கதிரையைத் தண்ணீர்த் தாங்கியின் மறைவில் போட்டேன். புகையை வாயோடு நிறுத்த வேண்டும், நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. அப்படிப் பிடித்தாலும் வாய்ப்புற்று அபாயம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன்.

சுவைக்கு முன்னால் ஈரம். சிகாருக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதன் போதும். கொழும்புக் காற்றிலோ பெரும்பாலும் 75-க்கு மேல். குளிர்நாட்டுக்காரர் சிகார் காய்ந்துவிடுமே என்று பயப்படுகிறார்கள். எங்களுக்கு அது ஊறிவிடுமே என்ற பயம். ஊறிய சிகாரை இழுத்து இழுத்துக் கன்னம் வலிக்கும், புகை வராது. வெக்கை கூடினால் புகையிலை வண்டும் பொரித்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு கடையில் வாங்கிய சிகாரில் குண்டூசி குத்தியதுபோல் நாலு துளை. மேசையில் தட்டினேன், பழுப்புத் தூள் கொட்டியது. அந்தக் காசை நினைத்து இன்றும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகு எது வாங்கினாலும் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில், ஒரு நாள் கீழ்த்தட்டில், பிறகு 65 சதவீத ஈரப்பதன் பை போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம். இந்த மூன்றும் அப்படி இருந்தவைதான்.

முதல் ஞாயிறு மொன்டெகிறிஸ்டோ நாலாம் நம்பர். கியூபா, பினார் டெல் ரியோ மாகாணத்து இலை. நீளம் 129 மில்லிமீற்றர், தடிப்பு 42 ரிங். அதாவது ஒரு அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 42. தொடக்கத்தில் தேவதாரு மரத்தைச் சீவிய மணம், பிறகு பால் விடாத கோப்பி. பாதியில் வறுத்த மல்லிபோல ஒன்று எட்டிப் பார்த்தது. கடைசி இரண்டு அங்குலத்தில் மிளகு. இப்படிப் படிப்படியாக மாறும் சுவை மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் இழுப்பு இறுக்கம், இரண்டு தடவை நெருப்பைச் சரிசெய்ய வேண்டி வந்தது. சிகாருக்குப் புள்ளி போடும் தாளின்படி 100-க்கு 88.

அடுத்தது பத்ரோன் 1964 ஆனிவேர்சரி, எக்ஸ்குளுசிவோ அளவு, மதூரோ, அதாவது கறுத்த வெளி இலை. நிக்கராகுவா இலை, நாலு வருடம் பதப்படுத்தியது. அழுத்திச் சதுரமாக்கிய வடிவம் விரல்களுக்கு இடையில் உருளாமல் நிற்கிறது. தடிப்பு 50 ரிங். எங்கள் ஈரத்திலும் புகை தாராளமாக வந்தது. கொக்கோத் தூள், மழை பெய்த மண், முடிவில் வறுத்த கச்சான். சாம்பல் ஒன்றரை அங்குலம்வரை விழவில்லை. 92. முதல்முறை நல்ல சிகார் வாங்குகிறவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன், ஏமாற்றாது.

மூன்றாவது ஞாயிறு யாழ்ப்பாணத்துக் கொக்குவில் சுருட்டு. ஆங்கிலேயர் 'செரூட்' என்று வாங்கிக்கொண்ட சொல்லே எங்கள் சுருட்டுத்தான். பொச்சுமட்டை எரித்துப் புகையூட்டிய இலை, கோடா என்ற பதப்படுத்தும் சாறு ஏற்றியது. பற்றவைத்ததும் அடுப்படிப் புகை மணம், அதற்குப் பின்னால் கருகிய பனங்கட்டி. மூன்றாவது இழுப்பில் தொண்டை கமறியது. வெறும் வயிற்றில் பிடித்தால் நிச்சயம் தலை சுற்றும். மேல் இலையில் தடித்த நரம்பு, சுற்றிய விதமும் ஒரே சீரில்லை. புள்ளித்தாளின்படி 74-க்கு மேல் போட முடியவில்லை.

அந்தத் தாளோ கியூபாச் சிகாருக்காக உண்டானது. வெளி இலையின் மினுக்குக்குப் புள்ளி இருக்கிறது; பாதியில் அணைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. அப்பா பாதிச் சுருட்டை அணைத்து யன்னல் கட்டில் வைத்துவிட்டு, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பற்றவைப்பார். அதையும் செய்து பார்த்தேன். மொன்டெகிறிஸ்டோ ஐந்து மணித்தியாலத்தில் சாம்பல் கசப்பாகிவிட்டது. பத்ரோனில் கொக்கோ மணம் போய்த் தார் வாடைதான் மிஞ்சியது. கொக்குவில் சுருட்டு மத்தியானம் எப்படி இருந்ததோ இரவும் அப்படியே, அதே பனங்கட்டி, அதே கமறல்.