திருச்சியில் இதய ரத்த ஓட்ட ஸ்கேன்: ஒரு மதிப்பீடு

ஆஞ்சியோகிராம் தேவையா என்று முடிவு செய்வதற்காக, என் தந்தையைக் கும்பகோணத்திலிருந்து திருச்சியிலுள்ள ஒரு தனியார் அணு மருத்துவ மையத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். பலரும் தாலியம் டெஸ்ட் என்று சொல்லும் இந்த ஸ்கேனை இங்கே டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கிறார்கள்.

கதிரியக்க வாயுவை மூச்சில் இழுக்க வேண்டுமோ என்று அப்பா அஞ்சினார். அவருக்கு மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்ன விதமே இந்த மையத்தின் பெருஞ்சிறப்பு. அப்படியும் ஒரு முறை உண்டாம்: ஆக்சிஜன்-15 சேர்த்த கார்பன் டை ஆக்சைடைச் சுவாசித்தால், அந்தக் கதிரியக்கம் நுரையீரல் ரத்தத்தில் கலந்து இதயத்தின் இடப்பக்கம் சேரும், இதயச் சுவரில் ஓட்டை இருந்தால், அதில் ஒரு பகுதி உடலைச் சுற்றி வராமல் உடனே நுரையீரலுக்குத் திரும்பிவிடுவதை வைத்துக் கசிவைக் கண்டறியலாம். ஆனால் ஆக்சிஜன்-15இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 2 நிமிடமே என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் அருகிலேயே இருக்க வேண்டும். டெக்னீசியத்திற்கோ 6 மணி நேரம். மேலும் அப்பாவுக்குப் பார்க்க வேண்டியது ஓட்டையை அன்று, இதயத் தசைக்கு ரத்தம் போதுமான அளவு செல்கிறதா என்பதையே. அதற்குக் கையில் ஓர் ஊசி போதும்.

மூட்டுவலியால் டிரெட்மில்லில் நடக்க இயலாத அவருக்கு, நடைக்குப் பதிலாக இதய ரத்தக் குழாய்களை விரிவாக்கும் அடினோசின் மருந்து ஏற்றினார்கள். கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்திருந்தபோது தோள் நோகாதபடி தலையணை வைத்துக் கொடுத்த தொழில்நுட்பரின் அக்கறையை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். நடைப்பயிற்சியாலோ மருந்தாலோ இதயத்தைத் தூண்டிய நிலையில் குறைந்து, ஓய்வில் சீராகும் ரத்த ஓட்டம் அடைப்பைக் காட்டும் என்றும், இரண்டிலும் குறைந்தே இருந்தால் தழும்பாக இருக்கலாம் என்றும் படங்களைக் காட்டியே விளக்கினார்கள்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. காபியிலுள்ள காஃபீன் அடினோசினின் செயலைத் தடுக்கும் என்பதால், முந்தைய நாளிலிருந்தே காபி, தேநீர் தவிர்க்க வேண்டும் என்பதை முன்பதிவின்போது அவர்கள் சொல்லவே இல்லை. விடியலில் டிகிரி காபி குடித்துவிட்டு வண்டியேறும் டெல்டா மக்களிடம் இதை முதலில் சொல்லாதது பெரிய கவனக்குறைவு. அன்று திரும்பி வந்து, வேறொரு நாள் மீண்டும் செல்ல நேர்ந்தது.

கட்டணத்தை முன்பே தெளிவாகச் சொன்னார்கள், அறிக்கையும் தாமதமின்றிக் கிடைத்தது. மையத்தைப் பரிந்துரைக்கிறேன், ஆனால் நாள் குறிக்கும்போதே உணவுக் கட்டுப்பாட்டை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்துமா இருந்தால் அதையும் அப்போதே தெரிவித்துவிடுங்கள்.