கேப்ஸ் லாக் விளக்கு சொன்ன செய்தி: கோத்தகிரியில் ஆறு ஆண்டு உபுண்டு

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் மனுக்கள், மகளிர் குழுக் கணக்குகள், பத்திர நகல்கள் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து தருகிறேன். ஆறு ஆண்டுகளாக ஒரே மடிக்கணினி. அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் மட்டும். 18.04 பதிப்பில் தொடங்கிப் படிப்படியாக 22.04 வரை வந்தேன். ஊராரின் பட்டா, ஆதார் எண்கள் இருப்பதால் வட்டைத் தொடக்கத்திலேயே கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்திருந்தேன். இத்தனை காலத்தில் வேலை நின்றது ஒரே ஒரு காலையில்தான்.

ஐப்பசி மழை. முந்தைய இரவு இரண்டு முறை மின்சாரம் போய் வந்திருந்தது. காலையில் கணினியை இயக்கினால் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. “இடி இறங்கியிருக்கும் தம்பி, வட்டு போயிருக்கும்” என்றார் பக்கத்துக் கடை அண்ணன். பழுது பார்ப்பவர் ஒருவர், பார்க்காமலேயே பார்மட் செய்துவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வட்டு போயிருந்தால் அதிலிருந்து கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழும்பி இத்தனை வரிகளை எப்படி எழுதும்?

அப்படி விளக்கு மின்னுவது ‘கர்னல் பேனிக்’கின், அதாவது மேற்கொண்டு ஓட முடியாமல் கர்னல் நின்றுவிட்டதன் அடையாளம். திரையைக் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் இடம்) ஏற்ற முடியவில்லை, ‘அன்நோன் பிளாக் 0,0’ என்றிருந்தது. வட்டு கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ரூட் எந்த வட்டில் இருக்கிறது என்பதே கர்னலுக்குத் தெரியவில்லை. குறியாக்கிய வட்டைத் திறக்கும் கருவிகளும் கடவுச்சொல் பெட்டியும் கர்னலோடு சேர்த்துத் தொடக்கத்தில் ஏற்றப்படும் ‘இனிட்ராம்எப்எஸ்’ என்ற கோப்புக்குள்தான் இருக்கின்றன. பெட்டி வராதபோதே சந்தேகம் அங்கே போயிருக்க வேண்டும்.

மறுபடி இயக்கி எஸ்கேப் விசையைத் தட்டி, எந்தக் கர்னலை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலை வரவழைத்தேன். பயாஸ் முறையில் தொடங்கும் பழைய கணினியானால் ஷிப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே முந்தைய கர்னல் அப்படியே இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் பெட்டி வந்தது. முதல் வேலையாகக் குழுக் கணக்கைப் பென்டிரைவில் நகல் எடுத்தேன். மற்றதெல்லாம் பிறகு.

வட்டில் இடம் எவ்வளவு என்று காட்டும் ‘டிஎப்’ கட்டளை கொடுத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. கர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகிர்வு 100 சதவீதம் நிரம்பியிருந்தது. குறியாக்கம் செய்து நிறுவும்போது இந்தப் பகிர்வு தனியாக, சிறியதாக அமைகிறது. என் கணினியில் ஒவ்வொரு கர்னலின் இனிட்ராம்எப்எஸ்ஸும் ஏறக்குறைய 100 எம்பி பிடித்தது. பழையவை நீங்காமல் சேர்ந்துவிட, புதிய கர்னல் வந்து அமர்ந்தும் அதன் இனிட்ராம்எப்எஸ்ஸை எழுத இடமில்லை. கிரப்போ புதியதையே பட்டியலின் தலையில் வைத்துவிட்டது. மின்வெட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இப்போது ஓடும் கர்னல் எது என்று ‘யூநேம்’ கட்டளையால் உறுதிசெய்த பிறகே, எல்லாவற்றிலும் பழையதை நீக்கினேன். இந்த ஒரு படியில் மட்டும் அவசரமே கூடாது. அதன் பின் பாதியில் நின்ற நிறுவலை முடித்து, இனிட்ராம்எப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கி, கிரப்பைப் புதுப்பித்தேன். புதிய கர்னல் முதல் முயற்சியிலேயே எழுந்தது.

இப்போதெல்லாம் மேம்படுத்தும் முன் பூட் பகிர்வில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன். கடைசியாகச் சரியாக ஓடிய கர்னலை நீக்குவதே இல்லை. கிரப் பட்டியலும் 5 விநாடி திரையில் நிற்கும்படி மாற்றியிருக்கிறேன். மார்கழிக் குளிரில் விறைத்த விரலால் எஸ்கேப்பைச் சரியான நொடியில் தட்டுவது கடினம்.