கிணற்றைச் சுற்றி எல்லை: ஒரே வட்டமா, நிகழ்தகவு வரைபடமா?

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் குடிநீர்க் கிணற்றை மாசிலிருந்து காக்கும் உள் காப்பு எல்லைக்கு 50 நாள் கணக்கு. அதற்குள் கிணற்றை எட்டும் நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறதோ, அதுவரை காப்பு. இந்த எல்லையை வரைய இரண்டு வழி: கிணற்றைச் சுற்றி ஒரே வட்டம், அல்லது நிலத்தடி நீரோட்டத்தைக் கணினி மாதிரியில் ஓட்டி நிகழ்தகவு வரைபடம்.

செலவு: வட்டத்துக்குக் கால்குலேட்டர் போதும். கணினி மாதிரிக்கு ஆய்வுக் கிணறு, பம்பிங் சோதனை (நீரை இறைத்து நிலத்தடி மட்டம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது) என இழுத்துக்கொண்டே போகும்.

நம்பகம்: நாளுக்கு 500 கன மீட்டர் இறைப்பு, 20 மீட்டர் தடிமனான நீர்த்தாங்கி (நிலத்தடி நீர் உள்ள அடுக்கு), அதில் நீர் ஓடும் நுண்துளை இடைவெளி 20% என்றால் வட்டத்தின் ஆரம் சுமார் 45 மீட்டர். நுண்துளை 5% என்றால் 89! நீரோட்டத் திசையும் வட்டத்துக்குத் தெரியாது. மான்டி கார்லோ முறை இந்த எண்களை மாற்றி மாற்றிப் பலநூறு முறை ஓட்டி, ஒவ்வோர் இடத்து நீரும் 50 நாளுக்குள் கிணற்றை எட்டும் வாய்ப்பைச் சதவீதமாகத் தரும்.

புரியவைப்பது: வட்டம்தான் சுலபம். '30% வாய்ப்பு' என்று நிலத்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

சின்னக் கிணறு, தரவும் இல்லை: வட்டம், கொஞ்சம் தாராளமாக. ஊருக்கே தண்ணீர், பக்கத்தில் பெட்ரோல் பங்க்: கணினி மாதிரிதான்.