கோடி விழுந்தவர் பெயர் யாருக்குத் தெரிய வேண்டும்?

2022 செப்டம்பரில் கேரள அரசு லாட்டரித் துறையின் திருவோணம் பம்பர் குலுக்கலில் 25 கோடி ரூபாய் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. மலேசியாவுக்குச் சமையல் வேலைக்குப் போகலாம் என்று கடனுக்கு விண்ணப்பித்திருந்தவர். 500 ரூபாய் சீட்டுக்குக் கொஞ்சம் குறைய, பிள்ளையின் உண்டியலை உடைத்துத்தான் சேர்த்தாராம். குலுக்கல் முடிந்த அன்றே எல்லாத் தொலைக்காட்சியிலும் அவர் முகம் வந்துவிட்டது. ஒரு வாரம் போனதும் அதே மனிதர் ஒரு வீடியோவில் வந்து, முதல் பரிசுக்குப் பதிலாக மூன்றாம் பரிசு விழுந்திருந்தால் தேவலை என்றார். வாசலில் எந்நேரமும் உதவி கேட்டுக் கூட்டம். உடம்பு சரியில்லாத பிள்ளையைக்கூட நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியவில்லை. சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறித் தங்கிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அப்போது பணம் கைக்கு வந்திருக்கவில்லை.

2024 ஜனவரியில் அதே துறையின் கிறிஸ்துமஸ்–புத்தாண்டு பம்பர், 20 கோடி. இம்முறை விழுந்தது ஒரு புதுச்சேரிக்காரருக்கு. சபரிமலைக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் வாங்கிய சீட்டு. தன் விவரத்தை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், துறையும் வெளியிடவில்லை. அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

சீட்டை விற்றதும் பணம் கொடுத்ததும் ஒரே அரசுதான். ஒருவர் ஊரே அறிய ஓடி ஒளிந்தார், இன்னொருவர் அமைதியாக வீடு போய்ச் சேர்ந்தார். இந்த இரண்டையும் மட்டும் பார்த்தால் பெயரை மறைப்பதே நல்லது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் பெயரை வெளியிடச் சொல்பவர்களிடமும் ஒரு கதை இருக்கிறது. அது லேசில் தள்ளிவிடக்கூடியது அல்ல.

அயோவாவில் பிடிபட்ட கள்ளன்

2010 டிசம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஹாட் லாட்டோ குலுக்கலில் 1.65 கோடி டாலர் முதல் பரிசு விழுந்தது. சீட்டு டி மொயின் நகரத்து பெட்ரோல் பங்க் கடை ஒன்றில் விற்றது. வென்றவர் வரவே இல்லை. ஒரு வருடக் கெடு முடிய சில மணி நேரமே இருந்தபோது, நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர் மூலம் சீட்டு வந்து சேர்ந்தது. பணத்தைக் கேட்டது பெலீஸ் நாட்டுடன் தொடர்புடைய ஒரு அறக்கட்டளை (டிரஸ்ட்). சீட்டை வாங்கியது யார் என்று சொல்லுங்கள் என்றது அயோவா லாட்டரி. அவர்கள் சொல்லவில்லை. கோடிக்கணக்கான டாலர் பரிசை வேண்டாம் என்று கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்கள்.

யாராவது அப்படிப் போவார்களா? சந்தேகம் விழுந்தது. கடையின் கேமராவில் பதிவான காட்சியை 2014இல் வெளியிட்டார்கள். முக்காடு போட்ட சட்டையில் ஒரு ஆள். குரலை வைத்து, அவருடன் வேலை பார்த்தவர்களே ஆளை அடையாளம் சொன்னார்கள். எடி டிப்டன், பல மாநில லாட்டரிகளுக்குக் குலுக்கல் நடத்தும் சங்கத்தில் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர். எண்களைப் பொறுக்கும் கணினி நிரலிலேயே கைவைத்து, சில குறிப்பிட்ட நாட்களில் என்ன எண் வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கும்படி செய்திருந்தார். 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 25 ஆண்டு வரை தண்டனை.

பெயர் சொல்லாமல் பணம் கொடுக்க மாட்டேன் என்று அயோவா அன்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதர் இன்றும் மரியாதையாக நடமாடிக்கொண்டிருப்பார். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் இதே கதையின் மறுபாதி. டிப்டன் அயோவாவில் மட்டும் விளையாடவில்லை. அதற்கும் முன்பே கொலராடோ, விஸ்கான்சின் மாநிலங்களில் தம்பி மூலமும் நண்பர் மூலமும் பரிசை வாங்கியிருந்தார். நம் ஊர் பாஷையில் பினாமி. அங்கெல்லாம் பெயர் கேட்டார்கள், ஒரு பெயரும் கிடைத்தது, பணமும் போய்விட்டது. அயோவா விவகாரம் வெடித்த பிறகுதான் பழைய பட்டியல்களைத் திருப்பிப் பார்த்தார்கள். ஆக, கள்ளனைப் பிடிப்பது பேப்பரில் வரும் பெயர் அல்ல, அந்தப் பெயரைத் துருவிப் பார்க்கும் ஆள். இன்னொன்று, அயோவா கேட்டது பெயரைத் தன்னிடம் சொல்லும்படிதான். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்ததால் ஒன்றும் அந்த மோசடி உடையவில்லை.

இரண்டு தரப்புமே இந்த இடத்தில் சறுக்குவதாக எனக்குத் தோன்றுகிறது. லாட்டரித் துறைக்குப் பெயர் தெரிவது வேறு, ஊருக்குத் தெரிவது வேறு. வாதமெல்லாம் முதலாவதற்கு, சட்டமெல்லாம் இரண்டாவதற்கு.

இந்தியாவிலும் சின்னதாய் ஒரு உதாரணம் உண்டு. மேற்கு வங்கத்தில் ஒரு அரசியல் பிரமுகர் ஒரு கோடி வென்றதாக விளம்பரம் வந்தது. பிறகு அந்தச் சீட்டு அவர் கைக்கு எப்படி வந்தது என்று சிபிஐ விசாரித்தது. பரிசு விழுந்த சீட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக் கறுப்பை வெள்ளையாக்குவது பழைய தந்திரம் என்பதால் எழுந்த சந்தேகம். விளம்பரம் வராமல் இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கலிபோர்னியா, பிரிட்டன், புளோரிடா

கலிபோர்னியாவில் பேச்சுக்கே இடமில்லை. வென்றவர் பெயர், சீட்டு விற்ற கடை, தொகை எல்லாம் பொது ஆவணம். 2022 நவம்பரில் பவர்பால் என்ற லாட்டரியில் 204 கோடி டாலர் பரிசு விழுந்தபோதும் பெயர் வெளியே வந்தது. டெக்சாஸ் 2017இல் மாறியது: 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ வென்றவர் விரும்பினால் பெயரை மறைக்கலாம். டெலவேர், மேரிலாந்து போன்ற மாநிலங்களில் முன்பிருந்தே அப்படித்தான்.

நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது வினோதம். 2018 ஜனவரியில் ஏறத்தாழ 56 கோடி டாலர் வென்ற ஒரு பெண், வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரைப்படி உடனே சீட்டின் பின்னால் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தன் பெயருக்குப் பதில் ஒரு அறக்கட்டளையை வைத்து அதன் பெயரை எழுதியிருந்தால் அவர் பெயர் வெளியே வந்திருக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. அழித்து எழுதினால் சீட்டே செல்லாது. நீதிமன்றம் போனார். பெயரை மறைக்கலாம், ஊரை மறைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. விவரம் தெரிந்த வக்கீல் முதல் நாளே பக்கத்தில் இருந்தால் உங்கள் பெயர் ரகசியம், இல்லாவிட்டால் பகிரங்கம். சாதாரண ஆளுக்கு எதிராக இதைவிடக் கோணலான விதியை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரிட்டனில் முடிவு வென்றவர் கையில். 1994இல் அங்கே தேசிய லாட்டரி தொடங்கியது. அதே டிசம்பரில் முதல் பெரிய பரிசான ஏறத்தாழ 1.8 கோடி பவுண்டை வென்றவர் பெயர் வேண்டாம் என்றார். பத்திரிகைகள் விடவில்லை. துப்புத் துலக்கி, பிளாக்பர்ன் நகரத்துத் தொழிற்சாலைத் தொழிலாளி என்று கண்டுபிடித்துப் போட்டுவிட்டன. தினம் போய்வரும் வேலையைத் திடீரென்று விடுகிறவரை ஊர் கவனிக்காமல் இருக்குமா?

2022இல் பிரிட்டனில் நடந்ததும் பார்க்கத் தக்கது. மே மாதம் 18.4 கோடி பவுண்டு வென்ற, க்ளாஸ்டர் நகரத்துத் தம்பதி தாங்களாகவே பத்திரிகையாளர்கள் முன் வந்தார்கள். நெருங்கியவர்களிடம் காலமெல்லாம் மறைத்துக்கொண்டிருக்கும் சுமை வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். ஜூலையில் அதையும் தாண்டி 19.5 கோடி பவுண்டு வென்றவர் யார் என்பது ரகசியமாகவே இருந்தது. ஒரே சட்டம், இரண்டு நேர்மையான முடிவுகள். எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

புளோரிடாவில் நடந்தது கொடூரம். 2006இல் 3 கோடி டாலர் பரிசு வென்ற, எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத ஒரு தொழிலாளியை, அவர் கதையைப் புத்தகமாக எழுதுகிறேன் என்று நெருங்கிய ஒரு பெண் சொத்தையெல்லாம் தன் கட்டுக்குள் கொண்டுவந்தார். 2009இல் அந்த மனிதர் காணாமல் போனார். 2010 ஜனவரியில் ஒரு வீட்டின் பின்னால் கான்கிரீட்டுக்கு அடியில் உடலை எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை. 2022இல் புளோரிடா ஒரு நடுவழி கண்டது: இரண்டரை லட்சம் டாலரோ அதற்கு மேலோ வென்றவரின் பெயரை 90 நாள் வெளியிட மாட்டார்கள். ஆனால் அந்தப் பெண் வந்து சேர்ந்தது பரிசு விழுந்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து. 90 நாள் அவரைக் காப்பாற்றியிருக்காது. வங்கிக் கணக்கைச் சரிசெய்ய, வக்கீலைப் பார்க்க, போன் நம்பரை மாற்ற, வீடு மாற்ற மூன்று மாதம் போதும். உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்ட நண்பரைத் தள்ள எத்தனை நாளும் போதாது.

சீனாவில் இதற்கெல்லாம் விடையாகக் கார்ட்டூன் பொம்மை வேஷம் போட்டுக்கொண்டு மேடையில் காசோலை வாங்குகிறார்கள். 2022இல் அப்படி மஞ்சள் பொம்மையாக வந்த ஒருவர், 21.9 கோடி யுவான் வென்றதைப் பெண்டாட்டி பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை என்றார், அவர்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று. லாட்டரிக்காரருக்குப் படம் கிடைத்தது, இவருக்கு முகம் மிஞ்சியது. பொம்மைக்குள் யார் இருந்தார் என்று மக்கள் எப்படி நம்புவது என்பது மட்டும் பாக்கி.

நம் பக்கத்துச் சங்கடம்

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அதற்கு முன்பு, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அரசே விற்ற காலமும் இருந்தது. என் சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஒலிபெருக்கியில் 'நாளைக்குக் குலுக்கல், நாளைக்குக் குலுக்கல்' என்று காது கிழியும். எங்கள் தெரு டீக்கடைக்காரருக்கு ஏதோ ஒரு தொகை விழுந்தது என்று பேச்சு வந்ததும், கடையில் கடன் வைத்திருந்தவர்கள் பாக்கி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவருக்குத்தான் விழுந்துவிட்டதே!

இப்போது தமிழர்கள் கேரளச் சீட்டுதான் வாங்குகிறார்கள். எல்லை தாண்டிப் போய் வாங்குவதில் தப்பில்லை, அதே சீட்டை இங்கே கொண்டுவந்து விற்பதுதான் குற்றம். அதனால் வெளி மாநிலத்துக்காரர் பரிசு கேட்டால், கேரளத்துக்கு எதற்கு வந்தார், எங்கே வாங்கினார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2023 திருவோணம் பம்பரில் 25 கோடி தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வருக்குச் சேர்ந்து விழுந்தது. பின்னாலேயே அந்தச் சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்றது என்று ஒரு புகார் போனது. தமிழ்நாட்டுக்காரருக்குப் பெயர் வெளியே வந்தால் கடன் கேட்பவர் மட்டுமல்ல, புகார் எழுதுபவரும் வருவார். பரிசு கிடைக்காதவர் பொறாமையில் எழுதியதா, உண்மையிலேயே விதிமீறலா என்று பார்ப்பது துறையின் வேலை. அதற்குத் துறைக்குத் தெரிந்தால் போதும்.

தொகையிலும் ஒரு பொய் இருக்கிறது. தொலைக்காட்சி சொல்வது 25 கோடி. அதில் 10 சதவீதம் ஏஜென்டுக்கு, இரண்டரைக் கோடி. மிச்சம் 22.5 கோடியில் 30 சதவீதம் வருமான வரி, அந்த வரித் தொகையின்மேல் அன்று 37 சதவீத சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்ததன்மேல் 4 சதவீத செஸ். 2022 கணக்கில் கடைசியில் தங்குவது ஏறத்தாழ 12.88 கோடி. வாசலில் நிற்கும் ஊர் மனதில் 25 கோடியை வைத்துக்கொண்டு நிற்கிறது. பிரிட்டனில் பரிசுக்கு வரி இல்லை; அங்கே சொல்லும் தொகைதான் கைக்கு வருகிறது. நம்மிடம் பெயர் வெளியாவதே கஷ்டம், அது தப்பான தொகையோடு சேர்ந்து வெளியாவது இன்னும் கஷ்டம்.

சரி, கேரளம் இப்போது செய்வதுபோல, கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதாதா? பாதி போதும். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. மத்தியானம் பம்பர் எண் நேரலையில் வந்த உடனேயே, எந்த ஊர், எந்த ஏஜென்சி என்பதும் வந்துவிடும். அடுத்த அரை மணியில் கேமரா வண்டிகள் அந்தக் கடை வாசலில். ஏஜென்டுக்கும் கமிஷன் விழுந்திருக்கிறது, மாலையும் லட்டுமாக நிற்கிறார், 'முதல் பரிசு விழுந்த கடை' என்ற போர்டு அடுத்த வருடம் வரை வியாபாரம் கொடுக்கும். அவரிடம் தினமும் சீட்டு வாங்குபவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். வழியில் போன புதுச்சேரிக்காரரை அவருக்குத் தெரிந்திருக்காது, தினம் அந்தப் பக்கம் வண்டி ஓட்டுபவரைத் தெரிந்திருக்கும். வழிப்போக்கர் தப்பியதில் துறையின் கருணையைவிட இந்தத் தற்செயலுக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆகவே என்னைக் கேட்டால் பிரிட்டன் போல விருப்பத்தை வென்றவரிடம் விட்டுவிட்டு, துறைக்கு வெளியே உள்ள தணிக்கையாளர் ஒருவர் கையில் எல்லாப் பெயரும் போகும்படி வைப்பேன். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா, ஏஜென்டின் உறவினரா, துறை ஊழியரின் சொந்தமா என்று பார்ப்பது அவர் வேலை. டிப்டன் துறைக்கு உள்ளே இருந்த ஆள், அதனால் துறையின் வார்த்தை மட்டும் போதாது. புளோரிடாவிடமிருந்து தாமதத்தை எடுத்துக்கொள்வேன், ஆனால் வென்றவர் பெயருக்கு அல்ல, விற்ற கடையின் பெயருக்கு. கேரளத்தில் சீட்டை ஒப்படைக்க 30 நாள் தருகிறார்கள். அதுவரை ஏஜென்டின் போர்டும் லட்டும் காத்திருக்கட்டும். அவர் கமிஷனில் ஒரு பைசா குறையப் போவதில்லை.