பெஸரி வளையம்: அடி இறக்கத்துக்குக் கேட்டு வாங்குங்கள், குறைப்பிரசவத்தைத் தடுக்கவென்று வாங்க வேண்டாம்

கர்ப்பப்பை யோனிக்குள் கீழே சரிந்து, அடி இறங்கிவிட்டது என்று டாக்டரிடம் போகும் பெண்ணுக்குப் பல இடங்களில் முதலில் கிடைக்கும் பதில் "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்பதுதான். கத்தி வைக்காமலே அதைத் தாங்கிப் பிடிக்கும் வளையம் ஒன்று உண்டு என்பதைச் சொல்ல ஆளில்லை. கைக்கு அடக்கமான அந்தப் பொருளின் பெயர் பெஸரி.

வாங்கும்போது முதலில் பொருளைப் பாருங்கள். கடினமான பிவிசி வளையம் மலிவு, ஆனால் மடக்கக் கஷ்டம். நாளாக ஆக இன்னும் விறைத்துப்போகும், வாடையும் பிடிக்கும். மருத்துவத் தரச் சிலிக்கோன் வளையம் விலை கூடுதல் என்றாலும் கழுவிக் கழுவிப் பல வருடம் வைத்துக்கொள்ளலாம். நடுவில் துளையிட்ட சவ்வு உள்ள வகை, சிறுநீர்ப்பை முன்பக்கமாகத் தொங்குபவர்களுக்குக் கூடுதல் பிடிப்புத் தரும். அளவு எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் மில்லிமீட்டரில் கேளுங்கள். 64, 70, 76 மி.மீ. என்ற மூன்றும்தான் அதிகம் பொருந்துபவை. கர்ப்பப்பை முழுவதுமாக வெளியே வந்துவிட்டால் வளையம் பெரும்பாலும் நிற்காது. காம்புள்ள கெல்ஹார்ன் வகை வேண்டும். அது உள்ளே இருக்கும்போது உடலுறவு முடியாது, தானாகக் கழற்றுவதும் சிரமம்.

அளவு பார்ப்பதில்தான் இதன் வெற்றி தோல்வி. வைத்த பிறகு வளையத்துக்கும் யோனிச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். அதற்கப்புறம் படுக்கையிலேயே விட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எழுந்து நின்று இருமி, முக்கி, குத்துக்காலிட்டு, கொஞ்சம் நடந்து, கடைசியாகச் சிறுநீர் கழித்துக் காட்ட வேண்டும். வழுக்கி வெளியே வந்தால் பெரிய அளவு. உறுத்தினாலோ சிறுநீர் வராவிட்டாலோ சின்ன அளவு. நல்ல பொருத்தம் என்றால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. முதல் முறையிலேயே சரியாக அமையாதது சகஜம், அதை வைத்து "எனக்குச் சேராது" என்று முடிவுகட்ட வேண்டாம். கர்ப்பப்பையை ஏற்கெனவே எடுத்தவர்கள், யோனி நீளம் 6 செ.மீ.க்குள் இருப்பவர்கள், யோனி வாய் ரொம்ப அகன்றவர்கள் ஆகியோரிடம்தான் அடிக்கடி நழுவும்.

வைக்கும் முறை இதுதான். கையைக் கழுவிவிட்டு, மடிப்புக் குழி (மடக்குவதற்கென்று வளையத்தில் இருக்கும் பள்ளம்) உள்ள இடத்தில் வளையத்தை அரைவட்டமாக மடக்குங்கள். உள்ளே முதலில் போகும் விளிம்பில் மட்டும் தண்ணீர் சார்ந்த ஜெல் தடவினால் போதும். வளையம் முழுக்கத் தடவினால் பிடி நழுவி உள்ளேயே விரிந்து வலிக்கும். வால் எலும்பை நோக்கித் தள்ளி, உள்ளே விரிந்ததும் முன்விளிம்பை முன்பக்க எலும்புக்குப் பின்னால் ஏற்றிவிட்டு, கால் சுற்றுத் திருப்புங்கள். திருப்பாவிட்டால் மடிப்புக் குழி வாசலை நோக்கி நின்று, முக்கும்போது வளையம் மடங்கி விழுந்துவிடும். மலம் கழிக்கும்போது ஒரு விரலால் தாங்கிக்கொள்வது நல்லது.

தானே கழற்றிக் கழுவக் கற்றுக்கொள்வதுதான் இதில் பெரிய லாபம். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். பிரிட்டனில் நடந்து 2023-இல் வெளியான டாப்சி ஆய்வில், தானே பார்த்துக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் 18 மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர்களுக்குச் சமமாக இருந்தது, சிக்கல்களும் குறைவு. கழற்ற முடியாதவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டும். வருடக்கணக்கில் மறந்துபோன வளையம் சதையில் புதைந்து, சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ ஓட்டை போட்டுவிடும். வயதான அம்மாவுக்கு வைத்திருந்தால் தேதியை வீட்டில் இன்னொருவரும் குறித்துவைக்க வேண்டும்.

வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடும். நாற்றமோ ரத்தமோ கண்டால் புண் ஆகியிருக்கலாம், உடனே காட்டுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்குச் சுவர் மெலிந்திருப்பதால்தான் இது வருகிறது. எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கிரீமை யோனிக்குள் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு தரம் வைத்தால் பெரும்பாலும் தணியும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் கேட்காமல் தொடக் கூடாது. புண் ஆறும்வரை இரண்டு முதல் நான்கு வாரம் வளையம் வெளியே இருக்கட்டும். இன்னொன்று, இறங்கிய பை மேலே போனதும் இருமினால் சிறுநீர் கசிவது சிலருக்குப் புதிதாகத் தலைகாட்டும்.

ஆபரேஷனுக்கு இது முழு ஈடா? 440 பெண்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடம் கழித்துத் தேறியதாகச் சொன்னவர்கள் பெஸரிப் பிரிவில் 76.3 சதவீதம், ஆபரேஷன் பிரிவில் 81.5 சதவீதம். பெஸரிப் பிரிவில் 54.1 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்கு மாறினார்கள், அந்த 76-இல் அவர்களும் அடக்கம். இருந்தும் முதலில் முயல வேண்டியது வளையம்தான் என்பேன். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

இதே சிலிக்கோனில், கவிழ்த்த கிண்ணம் போலக் கருப்பை வாயைச் சுற்றி மாட்டும் அராபின் பெஸரி என்ற ஜெர்மன் தயாரிப்பு ஒன்று குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்காக வருகிறது. இதைப் பரிந்துரைக்க மனமில்லை. 2012-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், கருப்பை வாயின் நீளம் 25 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களிடம் 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 27-இலிருந்து 6 சதவீதமாக இறங்கியதும் உலகமே நம்பியது. 2016-இல் 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது பெஸரி வைத்தவர்களிடம் 12 சதவீதம், வைக்காதவர்களிடம் 10.8. அமெரிக்காவில் 20 மி.மீ.க்குள் இருந்த 544 பேரிடம் நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2023-இல் வந்த அதன் முடிவில் குறைப்பிரசவம் குறையவே இல்லை. கருவோ சிசுவோ இறந்தது பெஸரிப் பிரிவில் 13.3 சதவீதம், மற்றதில் 6.8. கருப்பை வாய் குறுகுவதற்குத் தொற்று, அழற்சி, உள்ளே ரத்தக்கசிவு என்று பல காரணம் இருக்கலாம். வெளியிலிருந்து முட்டுக்கொடுத்து அவற்றை நிறுத்த முடியாது.

அந்தப் பணத்தைக் கர்ப்பத்தின் 18 முதல் 24 வாரத்துக்குள் கருப்பை வாயை அளக்கும் யோனி வழி ஸ்கேனுக்குச் செலவிடுங்கள். சிறுநீரை முழுதும் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும், நிறைந்த பை நீளத்தைக் கூட்டிக் காட்டும். கருவியை அழுத்தினாலும் அப்படித்தான். சில நிமிட இடைவெளியில் மூன்று தரம் அளந்து, மிகச் சிறியதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒற்றைக் குழந்தையாக இருந்து 25 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால், 200 மி.கி. புரோஜெஸ்டிரோன் மாத்திரையைத் தினமும் இரவு படுக்கும்போது யோனிக்குள் வைப்பதே நிரூபணமான வழி. காலையில் எண்ணெய்ப்பசையாகக் கசியும், மருந்து வீணாகிவிட்டதே என்று பயந்து இன்னொன்று வைக்க வேண்டாம். முன்பே குறைப்பிரசவம் ஆனவர்களுக்குக் கருப்பை வாயில் போடும் தையலும் ஒரு வழி. வாரம் ஒருமுறை போடும் 17-ஓஎச்பிசி (செயற்கைப் புரோஜெஸ்டிரோன் வகை) ஊசி வேறு மருந்து. பலன் நிரூபணமாகாததால் 2023 ஏப்ரலில் அமெரிக்கா அதன் அனுமதியை ரத்து செய்தது. சீட்டில் அந்த ஊசி இருந்தால், யோனி வழி மருந்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.